பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை

அத்தியாயம் 19

சுற்றறிக்கை எண் 43.

"இல்லத்தில் வசிக்கும் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஆறு ஐம்பதுக்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வின்போது, நோயாளியின் வலது கை ஆள்காட்டி விரலில் புதிய நகம் ஒன்று முளைத்திருப்பது கண்டறியப்பட்டது. அளவு: அரிசி முனை. நிறம்: திருப்திகரம். மேற்படி நகத்தை யாரும் தொட்டுப் பார்க்கவோ, அதுகுறித்து நோயாளியிடம் அடிக்கடி விசாரிக்கவோ கூடாது. இப்படிக்கு, வீட்டு நிர்வாகம்."

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது இந்த அறிவிப்பு. வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று பேர். ஒருவர் நோயாளி. இன்னொருவர் நிர்வாகம். ஆக, 'அனைவருக்கும்' என்பது நோயாளியின் கணவர் ஒருவரைத்தான் குறிக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் அதை நின்று நிதானமாகப் படித்தார். ஆய்வு நடந்தபோது டார்ச் பிடித்ததே அவர்தான்.

சிரிக்கலாம். ஆனால் அந்த அரிசி முனை நகம் வருவதற்கு என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பது இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாக:

அவள் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். தெருப் பிள்ளைகளுக்குக் 'கார் டீச்சர்'. ஏழு வாரங்களுக்கு முன்னால் தொண்டை வலி, காய்ச்சல் என்று அண்ணனோடு பக்கத்துத் தெருக் கிளினிக்குக்கு நடந்து போனாள். அங்கிருந்த இளம் டாக்டரம்மா ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை உதடெல்லாம் கொப்புளம். கண்கள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முதுகுத் தோல் நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்தது.

வீட்டில் நெருப்பே இல்லை. ஆனால் தீக்காயப் பிரிவில் இருபத்துமூன்று நாள் கிடந்தாள். ஏதோ ஒரு மருந்தை உடம்பு ஏற்காமல் தன் தோலையே கழற்றிப் போட்டுவிட்டது என்றார்கள். பிறகு நகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இப்போது வீடு திரும்பி மூன்று வாரம். புதுத் தோல் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. மணிக்கு ஒருமுறை கண்ணுக்குச் சொட்டு மருந்து.

அந்தச் சொட்டு மருந்தை ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று நாளும் மணி தவறாமல் விட்டவர் அவளுடைய அண்ணன். முப்பத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு 'ஸ்டோர்ஸ்'. அவர் பாட்டிலைக் கையில் எடுப்பதைப் பார்த்து நர்சுகள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளாத அவர், ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு டிரங்குப் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தார். நிர்வகிக்க ஏதாவது வேண்டுமே. வீடு கிடைத்தது.

*

"மாப்ளை, பத்தரைக்கு வண்டி கிளம்பணும். பத்து இருபத்தஞ்சுக்கு எல்லாரும் வாசல்ல."

"சரி மச்சான்."

"ஃபைல் என் கையில இருக்கும். நீங்க எதையும் தூக்க வேண்டாம்."

"சரி மச்சான்."

ஃபைல் என்றால் மனு. தலைப்பு: 'ஓர் அப்பாவிக் குடும்பத்தின் மீது நிகழ்த்தப்பட்ட மருத்துவப் பேரழிவு.' பதினேழு பக்கம், ஆறு இணைப்பு. ஆறாவது இணைப்பு, கிளினிக்குக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் கையால் வரைந்த படம். அந்தத் தூரத்துக்கும் பேரழிவுக்கும் என்ன சம்பந்தம் என்று மெக்கானிக் ஒருமுறை கேட்டார். "ஆவணம்னா முழுசா இருக்கணும்" என்று பதில் வந்தது.

கிளினிக் இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர், குடியிருப்போர் சங்கம், பக்கத்து மருந்துக்கடை ஆகியோருக்கு நகல்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே போய்விட்டன. அசல் மட்டும் காத்திருந்தது. அது மருத்துவர்களை விசாரிக்கும் சபைக்கு. அதற்கு ஏழாவது இணைப்பு வேண்டும்.

அந்த ஏழாவது இணைப்பு இன்று கிடைக்கப்போகிறது. எந்த மருந்தை இனி அவள் ஆயுளுக்கும் தொடக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் ஓர் அட்டையில் எழுதித் தரப்போகிறார். அவள் எங்காவது நினைவில்லாமல் விழுந்து கிடந்தால், அவளுக்காகப் பேசப்போவது அந்த அட்டை. அதில் தப்பான பெயர் இருந்தால், அட்டை இல்லாமலே இருப்பது நல்லது. எல்லாரும் நிம்மதியாக அவளுக்கு விஷத்தைக் கொடுப்பார்கள்.

அவள் இரண்டு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

ஸ்டோர்ஸ் அண்ணன் இந்த வீட்டில் செய்த முதல் சீர்திருத்தம் மருந்து அலமாரி.

கிடங்கில் ஒரு விதி உண்டு. சரக்கு வந்ததும் உறையைப் பிரி, சரிபார், இடத்தில் போடு. உறை இடத்தை அடைக்கும், எண்ணிக்கையை மறைக்கும். முப்பத்திரண்டு வருடம் ரத்தத்தில் ஊறிய விதி. ஆகவே மிச்சம் மீதி மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கழுவிக் காயவைத்த ஜாம் ஜாடிகளில் போட்டு, லேபிள் ஒட்டினார். தலை. பல். வயிறு. மூட்டு. நீர்.

"மருந்துப் பேரு எதுலயும் இல்லயே அண்ணா?" என்று அப்போதே கேட்டாள்.

"போல்ட்டுக்குப் பேரா வைக்கறோம் பாப்பா? எதுக்கு ஆகும்னு தெரிஞ்சாப் போதும்."

கார் சொல்லித் தருகிற பெண்ணின் உடம்புக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. காலை ஆறு மணிக்கு ஏறினால் மதியம்வரை இறங்க முடியாது. இறங்கினாலும் போக இடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வரும். கடைசியாக வந்தபோது ஐந்து நாள், காலையும் மாலையும், அண்ணன் 'நீர்' ஜாடியிலிருந்து வெள்ளை மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கடுப்பு போய்விட்டது. எல்லாரும் மறந்துபோனார்கள். பத்து நாள் கழித்துத்தான் தொண்டை வலி.

வாயெல்லாம் புண்ணாகிப் பேச முடியாமல் கிடந்த நாட்களில் அவளுக்கு யோசிக்க மட்டும் நிறைய நேரம் இருந்தது. அந்த ஐந்து நாளை அவள் திரும்பத் திரும்ப எண்ணினாள். அண்ணனும் எண்ணியிருப்பார், தானாகச் சொல்வார் என்று காத்திருந்தாள்.

இன்று காலை சொட்டு மருந்தை எடுக்க அலமாரியைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

தலை. பல். வயிறு. மூட்டு.

நாலு ஜாடி. நாலுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி. ஒன்று குறைகிறது என்று யாருக்கும் தோன்றாதபடி நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

*

நகம் இல்லாத விரல்களுக்குச் சட்டை பட்டன் ஒரு மலை. மெக்கானிக் போட்டுவிட்டார். கிரீஸ் போகாத தடித்த விரல்கள், புதுத் தோலில் படாமல், ஒவ்வொரு பட்டனாக.

"ஏங்க, 'நீர்'னு ஒரு ஜாடி இருந்ததே, எங்க?"

"அதுவா? உன்னை அட்மிட் பண்ணின அன்னிக்கு மச்சான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாரில்ல? அப்ப கழுவிக்கிட்டிருந்தாரு."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"அவரு எதையாவது கழுவிக்கிட்டேதான் இருப்பாரு. என்னன்னு கேக்கறது?"

அவள் அந்த ஐந்து நாளைப் பற்றிச் சொன்னாள். கடைசிப் பட்டனில் மெக்கானிக்கின் கை நின்றுவிட்டது.

"இத்தனை நாளா ஏன் சொல்லல நீ?"

"அவனா சொல்லுவான்னு பார்த்தேன். மறந்திருப்பான்னு நெனச்சேன். கழுவினவன் மறக்கல."

"நான் இப்பவே போய்க் கேக்கறேன்."

"வேண்டாம். நீங்க கேட்டா இன்னொரு சுற்றறிக்கை வரும். டாக்டர் முன்னால அவன் வாயால வரணும். நான் சொன்னா பாதிதான் சொல்ல முடியும். நான் சாப்பிட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ள என்ன இருந்ததுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"பத்து இருபத்தாறு!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

*

மெக்கானிக் ஓட்டினார். அவள் பக்கத்து சீட்டில். பதினெட்டு வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கால் ஊர் உயிரைக் காப்பாற்றியவள். இது சொந்தக் கார், அங்கே பிரேக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கால் தரையை அமுக்கியது. மெக்கானிக் அதைக் கவனித்து, கவனிக்காத மாதிரி வேகத்தைக் குறைத்தார். நல்ல கணவர்.

பின்சீட்டில் ஸ்டோர்ஸ் மனுவை வாசித்துக்கொண்டு வந்தார். "'...வெண்மையான அங்கியின் பின்னே மறைந்திருக்கும் அலட்சியம் எனும் கொடிய...' கொடியன்னு போட்டிருக்கேன் பாப்பா. கொடூரன்னு போடலாமா?"

"அண்ணா, எனக்கு நீர்க்கடுப்பு வந்ததே, ஞாபகம் இருக்கா?"

பின்சீட்டில் ஒரு பக்கம் புரண்டது.

"அது எப்பவோ."

"தொண்டை வலிக்குப் பத்து நாள் முன்னால."

"அது வேற ஐட்டம் பாப்பா. அது முடிஞ்சுபோன ஐட்டம். ரெண்டையும் கலக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "கொடூரன்னே போட்டுடறேன்" என்றார்.

அவள் கால் இல்லாத பிரேக்கை அமுக்கியது. சாலை காலியாகத்தான் இருந்தது.

*

தோல் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. பேசினாலும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல், தோலைப் பார்த்துப் பேசுகிறவர்.

"முதுகு நல்லாருக்கு. நாக்கை நீட்டுங்க. நல்லாருக்கு. கண்ணு?"

"மணல் விழுந்த மாதிரி இருக்கு டாக்டர். வெளிச்சம் குத்துது."

"அது இருக்கும். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. இப்போதைக்கு வண்டி வேண்டாம்."

"ஓட்டல டாக்டர். சொல்லிக் கொடுக்கலாமா?"

"மோதப் போனா யாரு பிரேக் போடறது?"

"நான்தான்."

"அப்ப வேண்டாம்."

"டாக்டர்," என்று ஸ்டோர்ஸ் எழுந்தார், "வலது ஆள்காட்டி விரல்ல இன்னிக்குக் காலையில ஆறு ஐம்பதுக்கு..."

"பார்த்தேன். உக்காருங்க."

சுற்றறிக்கை எண் 43 அத்துடன் காலாவதியானது.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினார். "அமாக்ஸிசிலின்னு போட்டிருக்கு. கிளினிக்ல குடுத்தது. கொப்புளம் வர்றதுக்கு முன்னால எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு நாள்."

பேனா நின்றது.

"எனக்கு ஆரம்பத்திலேர்ந்து இதுதான் உறுத்துது. இந்த மாதிரி ரியாக்‌ஷன் ரெண்டு நாள்ல வர்றது அபூர்வம். மருந்தை ஆரம்பிச்சு ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணு வாரம்கூட ஆகும். அந்தத் தொண்டை வலியும் காய்ச்சலுமே இதோட தொடக்கமா இருந்திருக்கலாம். அதுக்கு முன்னால வேற ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா? சேர்க்கும்போதும் கேட்டிருக்கோம். 'இல்லை'ன்னு எழுதியிருக்கு." ஃபைலில் விரலை வைத்தார். "சொன்னது யாருன்னா, அண்ணன்."

ஸ்டோர்ஸ் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் டாக்டர், மருந்து நிர்வாகம்ங்கறது ஒரு மிகக் கட்டுப்பாடான..."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க சார். அமாக்ஸிசிலின்னு எழுதிடறேன். வெளியில முப்பது பேர் காத்திருக்காங்க."

பேனா அட்டையில் இறங்கி, 'அ' என்று எழுதியது.

"இருங்க டாக்டர்" என்றாள் அவள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா."

அவ்வளவுதான். அவள் கண்கள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. அதில் கோபம் இருக்கிறதா, கெஞ்சல் இருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு கண்ணாடிச் சில்லிலும், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த இரண்டு சின்ன ஆசாமிகள்தான்.

"நான் குடுத்தேன்" என்றார்.

முன்னுரை இல்லை. இணைப்பு இல்லை. அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சிறிய வாக்கியமாக அது இருக்கலாம்.

"என்ன குடுத்தீங்க?"

"நீர்க்கடுப்புக்கு. அஞ்சு நாள். பத்து மாத்திரை."

"மருந்துப் பேரு?"

"வெள்ளை."

"பேரு கேட்டேன்."

"அட்டையிலேர்ந்து பிரிச்சுட்டேன் டாக்டர். ஜாடில போட்டுட்டேன்."

"சரி. ஜாடில இருக்கறதைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்."

ஸ்டோர்ஸ் தரையைப் பார்த்தார். "கொட்டிட்டேன். கழுவிட்டேன்."

டாக்டர் முதன்முறையாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஆறு வருஷம் முன்னால ஒரு டாக்டர் குடுத்து மீந்தது. சல்ஃபான்னு சொன்ன ஞாபகம்" என்றார் ஸ்டோர்ஸ். குரல் தேய்ந்துகொண்டே போனது. "அப்புறம், மாடியில இருந்தவங்க வீடு காலி பண்ணும்போது விட்டுட்டுப் போனது கொஞ்சம். அதுவும் நீர்க்கடுப்புக்குத்தான்னாங்க. ரெண்டும் வெள்ளை. ரெண்டும் ஒரே அளவு. அதனால ஒரே ஜாடி."

"இவங்க சாப்பிட்டது எது? முதல்ல போட்டதா, பின்னால போட்டதா?"

"பழைய சரக்கு முதல்ல போகணும்ங்கறது விதி. அதனால வாரம் ஒரு தடவை ஜாடியைத் தலைகீழாக் கவுத்து வைப்பேன்."

"அதாவது, நல்லாக் கலக்கியிருக்கீங்க."

ஸ்டோர்ஸ் தலையை ஆட்டினார்.

"சார், நீங்க ரொம்ப ஒழுங்கான ஆளு."

"நன்றி டாக்..."

"பாராட்டல."

மெக்கானிக் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது அழுகையாலா, சிரிப்பாலா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

டாக்டர் அட்டையை முன்னால் இழுத்தார். "என் சந்தேகம் சல்ஃபா மேலதான். நூத்துக்கு எண்பது அதுதான். ஆனா சந்தேகத்தை நம்பி மத்ததை விட்டுட முடியாது. மாடி வீட்டு மாத்திரை என்னன்னு தெரியாது. அதனால நீர்க்கடுப்புக்கு வழக்கமா குடுக்கற இன்னொரு வகையையும் சேர்த்து எழுதறேன். அமாக்ஸிசிலினையும் எழுதறேன். மூணு வரி."

"அப்படின்னா என்ன டாக்டர் அர்த்தம்?" என்றாள் அவள்.

"நாளைக்கு உங்களுக்கு நிமோனியா வந்தா, எங்க கையில இருக்கற நல்ல மருந்துல பாதியை உங்களுக்குத் தர முடியாது. அதுல ரெண்டு வகை உங்களுக்கு ஒண்ணுமே பண்ணாத மருந்தாக்கூட இருக்கலாம். எதுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கப் போட்டுப் பார்க்கவும் முடியாது." அட்டையை நீட்டினார். "ஒரு வரியில முடிஞ்சிருக்கும். பேரு இருந்திருந்தா."

ஸ்டோர்ஸ் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, "அந்தக் கிளினிக் டாக்டர் பேர்ல தப்பு..." என்று ஆரம்பித்தார்.

"என்ன தப்பு? தொண்டை வலிக்கு அதைத்தான் நானும் எழுதியிருப்பேன். வேற மாத்திரை சாப்பிட்டீங்களான்னு அவங்க கேக்காம விட்டிருந்தா தப்பு. கேட்டாங்களா?"

"கேட்டாங்க" என்றாள் அவள்.

"அப்புறம்?"

இந்தக் கேள்விக்கு டாக்டர் பதிலை எதிர்பார்க்கவில்லை. மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

*

மெக்கானிக் காரை எடுத்து வரப் போனார். அண்ணனும் தங்கையும் மருந்து வாங்கும் சன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மணிக்கு ஒரு தடவை கண்ணுக்குச் சொட்டு விட்டியே, அப்பல்லாம் இது ஞாபகம் வந்ததா?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஒரு தடவைகூடச் சொல்ல வாய் வரலயா?"

"சொட்டு விட்டுக்கிட்டே இருந்தா சரியாயிடும்னு இருந்தது பாப்பா."

"ஜாடியைக் கழுவினப்ப?"

"அப்ப எனக்குத் தெரியும்." அவர் கை தானாக ஃபைலின் மூலையை நேராக்கியது. "தெரிஞ்சுதான் கழுவினேன்."

"மாத்திரை குடுத்ததுக்கு நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன். நான்தானே வாயைத் திறந்து முழுங்கினேன். கழுவினதுக்கு இன்னும் மன்னிக்கல. எப்ப மன்னிப்பேன்னு தெரியல. என்னைக் கேக்காதே."

"கேக்கல."

"அந்த டாக்டர் பொண்ணு உனக்கு என்னண்ணா பண்ணிச்சு? பதினேழு பக்கம்!"

"ஒண்ணும் பண்ணல. யாராவது ஒருத்தர் பண்ணியிருக்கணும்னு இருந்தது."

சன்னலில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை மூடிக்கொண்டாள்.

"நானும் யோக்கியம் இல்ல. அந்தப் பொண்ணு கேட்டப்ப, 'எங்க வீட்ல யாரும் கண்ட மாத்திரையும் போட மாட்டோம்'னு நீ பெருமையாச் சொன்ன. நான் தலையாட்டினேன். ஜாடிக் கதையைச் சொன்னா உன் மானம் போயிடுமேன்னு. உன் மானத்துக்கு நான் என் தோலைக் குடுத்திருக்கேன்ணா. கொஞ்சம் விலை ஜாஸ்தி."

மணி ஒன்று. ஸ்டோர்ஸ் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அவள் தலையைச் சாய்த்தாள். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. முப்பத்திரண்டு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணிய கை இன்று குறி தவறியது. ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, அவள் எதுவும் சொல்வதற்குள் சொன்னார்: "இப்ப நேரா கிளினிக் போறோம். நான் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அண்ணன் கொஞ்சம் சின்னவராகவும், கொஞ்சம் உயரமாகவும் தெரிந்தார். சொட்டு மருந்தின் மங்கலாகவும் இருக்கலாம்.

*

ஆனால் ஓர் ஆள் ஒரே நாளில் எவ்வளவுதான் மாற முடியும்? கார் கிளம்பிய இரண்டாவது நிமிடம் பின்சீட்டில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மனுவின் பின்பக்கங்கள் காலியாகத்தானே இருந்தன.

"'பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அம்மையீர், காலம் எனும் பெருநதியின் சுழலில்...'"

"அண்ணா."

"இரு பாப்பா. இது முதல் பத்தி. விஷயம் மூணாவது பத்தியில வருது."

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாப் போதும்."

"மொட்டையா எப்படிச் சொல்றது? ஒரு முன்னுரை வேண்டாமா?"

காலையிலிருந்து 'சரி மச்சான்' தவிர அவரிடம் எதுவும் பேசாத மெக்கானிக், கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா மச்சான்? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நாங்க முன்னுரை சொல்றதில்ல. கதவைத் திறப்போம்."

பின்சீட்டில் காகிதம் கிழியும் சத்தம். 'பெருநதி' போனது. இன்னொரு கிழிசல். 'அம்மையீர்' போனது. கிளினிக் தெரு வருவதற்குள் மூன்று பத்தி ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. அதை அவர் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி.

கார் நின்றதும் முதலில் இறங்கியவர் அவர்தான். ஃபைலை சீட்டிலேயே விட்டுவிட்டார். அண்ணன் கையில் காகிதம் எதுவும் இல்லாமல் நடந்து போவதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

அவளும் இறங்கினாள். வெயில் குத்தியது. மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. அட்டையில் மூன்று வரிதான், போகட்டும். இந்த ஒரு வரியாவது சரியான இடத்தில் போய்ச் சேரட்டும்.

ஸ்டோர்ஸ் கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஷட்டர் இறங்கியிருந்தது. டாக்டரம்மாவின் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவா? உங்க மனு வந்த மறுநாளே கட்டடக்காரர் சாவியை வாங்கிட்டாரே" என்றார்.